சொட்டுகிறது என்றால் காலியாகிறது என்று அர்த்தமில்லை

வாசகர் கேள்வி: கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை காசிமேட்டு வாசகி ஒருவரின் கடிதத்துக்கே பெரும்பாலான இடத்தைக் கொடுத்துவிட்டேன். முதுகில் அடிபட்ட நாய்க்கு மூத்திரம் சொட்டிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று, தண்டையார்பேட்டையில் இருக்கும் என் கிளினிக்கில் பலரும் கடைசியாக, கதவருகே போய் நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்கிற விஷயம் இது. அவர் நேராகவே கேட்டுவிட்டார். மற்றக் கேள்விகளில் இதையொட்டி வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் மீன் வியாபாரம் செய்கிறேன். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடியில் வீடு. எங்கள் செல்லி நாட்டு நாய், பொட்டை, நாலு வயசு, பதினாலு கிலோ. போன மாசம் மீன் ஏற்ற வந்த குட்டியானை வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது அவளை இடித்துவிட்டது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். நடுமுதுகில் எலும்பு முறிவு, உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது, அசையாமல் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருந்து கொடுத்தார்கள். பின்னங்கால் இரண்டும் வரவில்லை. சோறு நன்றாகச் சாப்பிடுகிறாள், நான் படியேறும் சத்தம் கேட்டாலே குரல் கொடுக்கிறாள். பிரச்சினை மூத்திரம்தான். நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது, தூக்கினால் கொட்டுகிறது. மலமும் படுத்த இடத்திலேயே. தொடையெல்லாம் சிவந்து முடி கொட்டிவிட்டது. குழந்தை டயப்பர் கட்டினேன், நாற்றம் கூடியதுதான் மிச்சம். மூத்திரம் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். மாமியார் ‘ஊசி போட்டு அனுப்பிடு, பாவம்’ என்கிறார். எண்ணூர் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இது சரியாகுமா? நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே எழுந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி அவள் முகத்தருகே வையுங்கள். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் நிற்காது, கெட்டியாகும். கெட்டியான மூத்திரம் தோலை இன்னும் எரிக்கும், பைக்குள் கிருமி வளரவும் வழிவிடும். அவளுக்கு வேண்டிய தண்ணீரை அவள் குடிக்கட்டும்.

அப்புறம் அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்தொடைக்குச் சற்று முன்னால், அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உருண்டையாக, விம்மலாக ஒன்று கையில் தட்டும் என்று நினைக்கிறேன். அதுதான் மூத்திரப்பை. நாள் முழுக்கச் சொட்டுகிற நாயின் பை எப்படி நிறைந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் இதே சந்தேகம்தான். நிறைந்திருப்பதால்தான் அம்மா சொட்டுகிறது. ‘பை நிறைந்துவிட்டது’ என்ற செய்தி மூளைக்குப் போவதும், ‘இப்போது விடு’ என்ற உத்தரவு கீழே வருவதும் முதுகுத்தண்டு வழியாக. அடி நடுமுதுகில் பட்டிருப்பதால் அந்தப் பாதை நடுவில் அறுபட்டிருக்கிறது. பையின் வாய்த்தசை இறுக்கமாக மூடிக்கொள்கிறது. சிறுநீரகம் பாட்டுக்கு மூத்திரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கொள்ளளவு தாண்டிய பிறகு மேலே வருகிறதுதான் வெளியே கசிகிறது. தூக்கினால் கொட்டுவது உங்கள் கை அந்த நிறைந்த பையை அழுத்துவதால்.

இதே அடி இடுப்புக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பட்டிருந்தால் கதை வேறு. அப்போது பையும் தளர்ந்துவிடும், வாயும் தளர்ந்துவிடும். லேசாக அழுத்தினாலே வந்துவிடும், ஆனால் எப்போதும் கசியும். செல்லிக்கு முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எந்த வகை என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றிரண்டு நாள் பை அளவுக்கு மீறி உப்பியே இருந்தால் அதன் தசை சுருங்கும் பலத்தை இழந்துவிடும். பின்னால் நரம்பு தேறினாலும் பை தேறாமல் போகலாம். தேங்கிய மூத்திரத்தில் கிருமி பெருகும், அது சிறுநீரகம் வரைக்கும் ஏறும். பின்னங்கால் வராததால் சாகிற நாய்களைவிட, இப்படி மூத்திரம் தேங்கிக் கிருமி தொற்றிச் சாகிற நாய்கள் அதிகம் என்பது என் அனுபவம். ஆகவே உங்கள் வேலை மூத்திரத்தை நிறுத்துவது இல்லை. நேரம் வைத்து நீங்களே அதை எடுத்துவிடுவது.

இதை ஒரு டாக்டரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் கிளினிக்கில் முதலில் என் கைமேல் அவர்கள் கையை வைக்கச் சொல்வேன், அப்புறம் அவர்கள் கைமேல் என் கையை வைப்பேன். எவ்வளவு அழுத்தம் என்பது அப்படித்தான் பிடிபடும். தன் கையால் எடுத்த மூத்திரம் ஸ்டீல் தட்டில் சர்ரென்று விழும் சத்தத்தை முதன்முதலாகக் கேட்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே. கொருக்குப்பேட்டையில் லோடு ஏற்றும் வேலை பார்க்கிற ஒருவர், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, ‘என் கைக்கு இதெல்லாம் வராதும்மா’ என்றுதான் ஆரம்பித்தார். இப்போது அவர் தெருவில் அடிபட்ட நாய் யார் வீட்டில் இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நேரில் போவதற்கு முன் மனதில் ஓட்டிப் பார்க்க எழுதுகிறேன். செல்லிக்கு முறிந்த எலும்பு இன்னும் ஒட்டியிருக்காது, அதனால் நிற்கவைக்க வேண்டாம், முதுகு முறுக வேண்டாம். பக்கவாட்டில் படுக்கட்டும். அடியில் பழைய துணி, வாலருகே அகலமான தட்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கை அடிவயிற்றுக்குக் கீழே, மற்றொரு கை மேலே, விரல்களை நீட்டித் தட்டையாக. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பை வர வேண்டும். விரல்நுனியால் குத்தக் கூடாது. மெதுவாக இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தி, அழுத்தத்தை வாலை நோக்கிக் கொண்டுபோங்கள். விட்டுவிட்டு அமுக்காமல், ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். உடனே வராது. அவள் வயிற்றை இறுக்குவாள், அப்போது அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே காத்திருங்கள், மூச்சு விடும்போது தளரும். வர ஆரம்பித்ததும் நின்றுபோகும்வரை விடாதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூத்திரத் துவாரத்தைச் சுற்றி மெல்லத் துடைத்தாலே சில நாய்களுக்கு அனிச்சையாகக் கழிந்துவிடும். முதலில் அதைச் செய்து பார்க்கலாம்.

வரவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள், இதில் மட்டும் பிடிவாதம் கூடாது. வாய் இறுகியிருக்கும்போது முரட்டுத்தனமாக அழுத்தினால் மூத்திரம் சிறுநீரகத்துக்குத் திரும்பிப் போகும், பை கிழியவும் கூடும். வாய்த்தசையைத் தளர்த்த பிராசோசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை ரத்த அழுத்தத்தையும் இறக்குபவை, எடைக்கு ஏற்ற அளவு டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பை கல்லாக இறுகிப்போய் அரை நாளாக ஒன்றுமே வரவில்லையென்றால் அவசரம். அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள், டியூப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

நேரம் என்று பார்த்தால் ஆறு மணி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உங்கள் பிழைப்பு விடியுமுன் ஏலத்தில் ஆரம்பிக்கிறது. கிளம்பும் முன் ஒன்று, வியாபாரம் முடித்து வந்ததும் ஒன்று, சாயங்காலம், தூங்கப் போகுமுன். காலையில் கிளம்பி நீங்கள் திரும்ப மதியமாகும் என்றால் நடுவில் ஒரு தடவைக்கு வீட்டில் இன்னொருவர் கற்றுக்கொள்ள வேண்டும். மாமியாரே கற்றுக்கொள்ளலாம், ‘பாவம்’ என்று சொல்கிற மனசு இருக்கிறதே.

எடுக்கிற மூத்திரத்தை ஒரு வாரத்துக்காவது அளவுக்குவளையில் அளந்து, காலண்டரில் குறித்து வையுங்கள். ஆரோக்கியமான நாய்க்கு ஒரு நாளில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி வரை போகும். செல்லியின் எடைக்கு ஏறக்குறைய 280 முதல் 560 மில்லி. நீங்கள் எடுப்பது நூறு, நூற்றைம்பதுதான் என்றால் உள்ளே மீதி இருக்கிறது. ஒரு லிட்டரைத் தாண்டினால் ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது போகிறதா என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ஸ்டீராய்டு தாகத்தையும் மூத்திரத்தையும் கூட்டும். கருவாட்டையும் நிறுத்திவிடுங்கள், காசிமேட்டு நாய்க்கு அது வராமல் இருக்காது. உப்புத் தாகம் உங்கள் வேலையைத்தான் கூட்டும். முள் எடுத்து வேகவைத்த மீனும் சோறும் போதும்.

தினமும் தட்டில் விழுவதைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கலங்கலாக, ரத்தம் கலந்து, வழக்கமில்லாத அழுகல் வாடையோடு இருந்தால் தொற்று. நல்ல நாய்க்கு மூத்திரத்தில் தொற்று வந்தால் முக்கும், அடிக்கடி உட்காரும். செல்லிக்கு அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு, அவள் சொல்ல மாட்டாள். மூத்திரத்தின் நிறமும் வாடையும் சாப்பாட்டில் வருகிற மந்தமும்தான் சொல்லும். மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடாதீர்கள். மூத்திரத்தைக் கல்ச்சர் செய்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துப் போடுவதுதான் இந்த மாதிரி நாய்களுக்குச் சரி, ஏனென்றால் இவர்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

இப்போது தோல். பையை நேரத்துக்குக் காலி செய்தாலே கசிவு பாதி குறையும், நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் ஏற்கெனவே வெந்த தொடை ஆற வேண்டும். வாலடியிலும் தொடை உள்பக்கத்திலும் முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஈரம் பிடிக்க இடம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினாலும் கடைசி ஒரு சொம்பு லாரித் தண்ணீராக இருக்கட்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, புண் இல்லாத இடத்தில் மட்டும், வாஸ்லின் மெல்லிசாக. குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்கு விற்கிற கிரீம் வேண்டாம். அதில் பெரும்பாலும் ஜிங்க் ஆக்சைடு இருக்கும், நாய் நக்கி நக்கி உள்ளே போனால் விஷம். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகிவிடும். டெட்டால், பெனாயில் எதுவும் உடம்பில் படக் கூடாது. புண்மேல் மஞ்சளை அப்பாதீர்கள். மேலே பொருக்குக் கட்டும், உள்ளே சீழ் பிடிக்கும், நமக்குத் தெரியாது. திறந்த புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், புரூஃபென், டைக்ளோஃபினாக் என்று வீட்டில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் வயிறும் கெட்டுப்போகும்.

படுக்கைக்குச் சாக்கு வேண்டாம், உணர்ச்சியில்லாத தோலை அது அரைத்துவிடும். பழைய மெத்தை, மேலே ரெக்சின், அதற்கு மேலே மடித்த பருத்தி வேட்டியோ நைட்டியோ. வேட்டி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சடியில், ஒரு கை இடுப்படியில், முதுகு நேராக. இடுப்பெலும்பு, முழங்கை, குதிகால் மூட்டு, இந்த இடங்களை விரலால் தடவுங்கள். சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு. படுக்கைப்புண் வருவதற்கு ஒரு ராத்திரி போதும், ஆற மாசக்கணக்கில் ஆகும்.

டயப்பர் தப்பில்லை, நாள் முழுக்கக் கட்டியே வைப்பதுதான் தப்பு. பையைக் காலி செய்து, கழுவி, காயவைத்து, அப்புறம் வாலுக்கு ஓட்டை வெட்டிக் கட்டுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஒன்று இருக்க வேண்டாம். ராத்திரி நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கழற்றிவிட்டுக் காற்றாடப் படுக்கட்டும். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் உள்ளே நன்றாகப் பாருங்கள். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஈக்குக் குறைவில்லை. ஈரமான டயப்பரின் ஓரத்தில் ஈ உட்கார்ந்து முட்டை போட்டால் ஒரு நாளுக்குள் புழு. அவளுக்கு வலி தெரியாததால் அழ மாட்டாள். டயப்பரைக் கழற்றி, வாலடி மடிப்பை விரித்தபோது உள்ளே குழிபோட்டு நெளிந்ததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். அப்படி எப்போதாவது பார்த்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய், பெனாயில், அந்துருண்டை எதையும் உள்ளே போடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். நாங்கள் எடுத்துவிடுவோம்.

மலத்துக்கு எளிய வழி நேரம்தான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக வேலை செய்யும். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு வேளை சோறு. சாப்பிட்டு இருபது, முப்பது நிமிஷம் கழித்து ஈரப்பஞ்சால் ஆசனவாயைச் சுற்றித் தடவுங்கள், வரும். கெட்டியாக இருந்தால் சோற்றில் வேகவைத்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேருங்கள்.

கீழ்வீட்டுக்காரர் சண்டையை நான் குறைத்துப் பேசமாட்டேன். நாற்றம் அவருக்கும் கஷ்டம்தான். தரையில் மூத்திரத்தின்மேல் நேராக பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். முதலில் தண்ணீர், அப்புறம் சோப்புத் தண்ணீர், துடைத்துக் காயவிட்டால் போதும். நனைந்த துணிகளை மூடி போட்ட வாளியில் வைத்து அன்றன்றைக்கே அலசிவிடுங்கள். பையைக் காலி செய்யும் வேலையைப் பாத்ரூமில் வைத்துக்கொண்டால் வாடையே வீட்டுக்குள் தங்காது. ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, அவரிடம் நீங்களே போய் ‘இப்போ எப்படி இருக்கு’ என்று கேளுங்கள்.

எண்ணூர் யோசனை சொன்னவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு மிருகத்தைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பின்னங்கால் இல்லாத நாய் லாரிகள் ஓடும் அந்த ரோட்டோரத்தில் ஒரு ராத்திரி தாங்காது.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் கெட்ட மனசில் சொல்லவில்லை. ஊசி போடுவது சில நேரம் சரியான முடிவுதான், நானே கண்ணீரோடு போட்டிருக்கிறேன். ஆனால் மூத்திரம் சொட்டுகிறது என்பது அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. மருந்துக்கும் அடங்காத வலி, சாப்பாட்டை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது, எலும்பு தெரியும் அளவுக்கு ஆறாத புண்கள், திரும்பத் திரும்பக் காய்ச்சல், இவை காரணங்கள். பையைக் காலி செய்ய வீட்டில் ஒருவருமே இருக்க முடியாது என்ற நிலைமையும் ஒரு காரணம்தான், அதைச் சொல்கிறவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நிறைந்து வெடிக்கப்போகும் பையோடு ஒரு ஜீவனை நாள் முழுக்கப் பூட்டிவைப்பது அன்பு இல்லை. செல்லி சாப்பிடுகிறாள், உங்கள் காலடிச் சத்தத்துக்குக் குரல் கொடுக்கிறாள். அவள் இன்னும் இங்கே இருக்க விரும்புகிறாள் அம்மா.

சரியாகுமா என்று கேட்டீர்கள். அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் ‘ஆழமான வலி உணர்ச்சி இருக்கிறதா’ என்று கேளுங்கள். பின்னங்கால் விரலை அழுத்தமாகக் கிள்ளும்போது அவள் திரும்பிப் பார்த்தாலோ, கத்தினாலோ, கடிக்க வந்தாலோ நம்பிக்கை நிறைய. கால் மட்டும் வெடுக்கென்று மடங்கினால் அது முதுகுத்தண்டின் அனிச்சை, உணர்ச்சி இல்லை. வீட்டில் பலரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அப்புறம் மனசு ஒடிந்துபோகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். உணர்ச்சி இருந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ காலும் மூத்திரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். எலும்பு முறிவோடு ஆழமான உணர்ச்சியும் போயிருந்தால் நடப்பது மிக அரிது. அப்போதும் பையை ஒழுங்காகக் காலி செய்தால் வருஷக்கணக்கில் நன்றாக வாழ்கிற நாய்கள் உண்டு. நான் தினமும் பார்க்கிறேன்.

வேப்பேரி உங்களுக்குப் பேசின் பிரிட்ஜ் வழியாக ஆட்டோவில் எட்டும் தூரம்தான். 1903இல் தொடங்கிய கல்லூரியின் மருத்துவமனை அது, நான் படித்ததும் அங்கேதான். மறுபரிசோதனைக்குப் போகும்போது கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடாமல், ‘மூத்திரம் எடுக்கக் கற்றுக்கொடுங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் சொல்லித்தருவார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு தெருநாய்க்குப் பின்னங்கால் இழுத்துக்கொண்டது. மூத்திரம் ஒழுகுகிறது. நானும் நண்பர்களும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அடிபட்டதை யாரும் பார்க்கவில்லை. தொடலாமா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: தம்பி, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் ‘யாரும் பார்க்கவில்லை’ என்ற இடத்தில் நின்றுவிடுங்கள். அடிபட்ட அடையாளம் இல்லாமல் திடீரென்று பின்னங்கால் விழுந்து, வாய் தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் இருந்தால் அது வெறிநோயாக இருக்கலாம். எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிக்காது, இப்படி முடங்கிப் படுக்கிற வகையும் உண்டு. கை வைக்காமல் மாநகராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள். ஏற்கெனவே எச்சில் காயத்தில் பட்டிருந்தாலோ, கடி, பிறாண்டல் இருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கிற நாய் அடிபட்ட நாயாகவே இருந்தாலும், சோறு போட்ட கையையும் கடிக்கும். டாக்டர் பார்த்துச் சந்தேகமில்லை என்ற பிறகு எடுங்கள். அப்புறம் மேலே காசிமேட்டு அம்மாவுக்குச் சொன்னது எல்லாம் உங்களுக்கும்தான்.

இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் உங்கள் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும், எலி மூத்திரம் அதில் கலக்கும். அதில் வருகிற எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் மூத்திரம் வழியாக நமக்கும் வரும். கையுறை இல்லாமல் மூத்திரத்தைத் தொடாதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேறு ஒருவர் செய்யட்டும். நாய்க்கு வருஷா வருஷம் போடுகிற ஊசிகளில் இதற்கானதும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

கேள்வி: முதுகில் அடிபட்ட எங்கள் நாய்க்கு பி.வி.சி. பைப்பில் சக்கர வண்டி செய்து கொடுத்தேன். மூன்று மாதம் ஓய்வெடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் கட்டினேன். வண்டியில் போகும்போது தானாக மூத்திரம் போகிறது. இனி அழுத்தி எடுக்க வேண்டியதில்லையே?
– வெல்டர், திருவொற்றியூர்

பதில்: வண்டி செய்த கைக்கு என் வணக்கம். ஆனால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். வண்டியின் பட்டை அடிவயிற்றை அழுத்துவதால் கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான். வண்டியில் ஏற்றும் முன் காலி செய்யுங்கள், இறக்கிய பிறகு தொட்டுப் பாருங்கள். தொடையிடுக்கில் வருகிற வளையத்துக்குத் துவைக்கக்கூடிய மெத்துத் துணி சுற்றுங்கள், அங்கேதான் ஈரமும் உராய்வும் சேர்ந்து புண்ணாக்கும். ஆரம்பத்தில் 15 நிமிஷம் போதும், பழகப் பழகக் கூட்டலாம். பின்பாதம் ரோட்டில் இழுபட்டால் சாக்ஸ் போடாமல், பாதத்தைத் தூக்கி வைக்க ஒரு பட்டை கட்டுங்கள். ஈரச் சாக்ஸ் வேறு தொல்லை. வண்டியிலேயே தூங்கவிடாதீர்கள், இந்த நாய்கள் அதில் தானாகப் படுக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஆண் நாய்க்கு விபத்துக்குப் பின் மூத்திரம் ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது வால் ஆடுகிறது, சில நேரம் தானாகவே நின்று மூத்திரம் போகிறான். எப்போது அழுத்தி எடுப்பதை நிறுத்தலாம்?
– இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: நல்ல செய்தி. அவசரப்படாதீர்கள். அவன் தானாகப் போன உடனே அடிவயிற்றைத் தொட்டு, மிச்சம் எவ்வளவு வருகிறது என்று எடுத்து அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றும் வரவில்லை என்ற நிலை ஒரு வாரம் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஸ்கேனில் பார்த்து உறுதி செய்த பிறகு ஒரு நேரத்தைக் குறையுங்கள், அப்புறம் இன்னொன்று. ராத்திரி நேரத்தைக் கடைசியாக விடுங்கள். முழுக்க விட்ட பிறகும் ஒரு மாதம் கழித்து மூத்திரப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.